தோழி இல்லாத காதல்

அமெரிக்காவில் 2017-இல் புதிதாகச் சேர்ந்த ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதத்தினர் இணையம் வழியாக அறிமுகமானவர்கள். நண்பர்கள் வழியாக அறிமுகமானவர்கள் 20 சதவீதம்தான். 1995-இல் நிலைமை தலைகீழாக இருந்தது. அப்போது மூன்றில் ஒரு ஜோடியை நண்பர்களே அறிமுகம் செய்துவைத்திருந்தார்கள். இணையத்தின் பங்கு வெறும் 2 சதவீதம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் தம் குழுவினருடன் 2019-இல் வெளியிட்ட ஆய்வு சொல்லும் கணக்கு இது. தன்பாலின ஜோடிகளிடையே மாற்றம் இன்னும் பெரியது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இணையத்தில் சந்தித்தவர்கள். குடும்பம், தேவாலயம், கல்லூரி, அக்கம்பக்கம் என்று முன்பு மனிதர்களைச் சேர்த்துவைத்த வழிகள் எல்லாமே சுருங்கிவிட்டன.

நடுவில் நின்று சேர்த்துவைத்தவர் விலகிவிட்டார் என்பதுதான் இந்த எண்களின் சாரம். அப்படி ஒருவர் நிற்பது தமிழுக்கு நன்கு தெரிந்த ஏற்பாடு. சங்க அகப்பாடல்களில் தோழியின் குரல் தலைவியின் குரலுக்குச் சற்றும் குறையாமல் கேட்கிறது. அவளுக்கு வேலையும் நிறைய. தலைவியை விரும்பி வருபவனை உடனே ஏற்றுக்கொள்ள மாட்டாள். தள்ளி நிறுத்தி அவன் மனத்தைச் சோதிப்பாள். பிறகு இருவரும் சந்திக்கப் பகலில் ஓரிடம், இரவில் ஓரிடம் என்று குறிப்பாள். களவு என்னும் மறைவான காதல் நீண்டுகொண்டே போனால் மணந்துகொள்ளும்படி தலைவனை நெருக்குவாள். வீட்டுக்குச் சொல்லியாக வேண்டிய கட்டத்தில் செவிலித்தாயிடம் உண்மையை எடுத்துவைப்பதும் அவளே. சோதித்தல், சந்திக்கவைத்தல், உறவை உறுதிப்படுத்தச் சொல்லுதல், குடும்பத்தின் முன் சாட்சி நிற்றல் ஆகிய இந்த நான்கில் டேட்டிங் செயலி ஏற்றுக்கொண்டது ஒன்றைத்தான். சந்திக்கவைக்கும் வேலையை அது திறமையாகச் செய்கிறது. மற்ற மூன்றும் காதலிக்கும் இருவர் தலையிலேயே விழுந்திருக்கின்றன. இணையக் காதலின் நன்மை, தொல்லை இரண்டும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

முன்பின் தெரியாதவரைத் தேடும் முயற்சி இணையத்துக்கு மிக முந்தையது. லண்டனில் ஜான் ஹௌட்டன் நடத்திய பத்திரிகையில் 1695-இலேயே மணத்துணை தேடும் விளம்பரம் வெளிவந்தது. 1959-இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் இருவர் வகுப்புப் பயிற்சிக்காக 49 ஆண்களையும் 49 பெண்களையும் கேள்வித்தாள் நிரப்பச் சொல்லி, ஐபிஎம் 650 கணினியை விட்டு ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். 1965-இல் ஹார்வர்ட் மாணவர்கள் தொடங்கிய ‘ஆபரேஷன் மேட்ச்’ 3 டாலர் வாங்கிக்கொண்டு அதையே தொழிலாகச் செய்தது. இருந்தாலும் இணையத்துக்கு முந்தைய காலத்தில் பலர் பக்கத்தில் இருப்பவரைத்தான் மணந்தார்கள். பிலடெல்ஃபியாவில் திருமண உரிமம் கேட்ட 5,000 ஜோடிகளின் முகவரிகளை ஜேம்ஸ் போசார்ட் என்ற சமூகவியலாளர் ஒப்பிட்டுப் பார்த்து 1932-இல் எழுதினார். மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து தெருக்களுக்குள் குடியிருந்தவர்கள். 1995-இல் வந்த மேட்ச் டாட் காம் இந்தத் தூரக் கணக்கை மாற்றத் தொடங்கியது.

இந்தியாவில் இணையம் முதலில் காதலுக்கு வரவில்லை, வரன் பார்க்க வந்தது. அமெரிக்காவில் வேலை பார்த்துவந்த மென்பொருள் பொறியாளர் முருகவேல் ஜானகிராமன் 1990-களின் இறுதியில் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதன் மற்றப் பகுதிகளைவிட வரன் பகுதியில்தான் ஆட்கள் குவிந்தார்கள். அதிலிருந்து பிறந்ததே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி. அவருடைய திருமணமே அந்தத் தளத்தின் வழியாகத்தான் அமைந்தது. மேட்ரிமோனி தளங்கள் கல்யாணத் தரகரின் நோட்டுப் புத்தகத்தைக் கணினிக்கு மாற்றின. சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், சம்பளம் என்று அதே கட்டங்கள் இருந்தன. பல வீடுகளில் ப்ரொஃபைலை எழுதியதும் வந்தவற்றைச் சலித்ததும் அப்பா அம்மாதான். நடுவில் நிற்பவர் அங்கே இன்னும் இருந்தார்.

அவரை முழுதாக அகற்றியது கைபேசி. 2009-இல் தன்பாலின ஆண்களுக்கான கிரைண்டர், 2012-இல் டிண்டர், 2014-இல் பெண்ணே முதலில் பேச வேண்டும் என்ற விதியோடு பம்பிள் என வரிசையாக வந்தன. இந்தியாவில் 2014-இல் ட்ரூலிமேட்லி, ஐல் ஆகியவை தொடங்கப்பட்டன. ஐல் பின்னாளில் தமிழர்களுக்கென்றே ‘அன்பே’ என்ற செயலியை வெளியிட்டது.

டிண்டர் போன்ற செயலிகளின் அடிப்படை எளியது. கைபேசி இருக்கும் இடத்தைச் சுற்றி, பயன்படுத்துபவர் சொன்ன வயதுக்கும் விருப்பத்துக்கும் பொருந்துபவர்களின் படங்கள் ஒவ்வொன்றாக வரும். பிடித்தால் வலப்பக்கம், இல்லையென்றால் இடப்பக்கம் தள்ள வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் வலப்பக்கம் தள்ளியிருந்தால் மட்டுமே அது ‘மேட்ச்’ ஆகும்; அதன்பிறகே பேச முடியும். டிண்டர் பரவலாக்கிய இந்த ஒரு விதி உண்மையிலேயே அருமையானது. விருப்பத்தைச் சொல்லப் பயந்து வருடக்கணக்கில் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இங்கே மறுப்பு யார் காதுக்கும் எட்டாது. வேண்டாதவர் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பதற்கும் ஒரு தடுப்பு கிடைத்தது.

யாருடைய படம் யாருக்கு முதலில் வரவேண்டும் என்பதை நிரல் முடிவுசெய்கிறது. சதுரங்க வீரர்களைத் தரவரிசைப்படுத்தும் ஈலோ முறையைப் போன்ற ஒரு மதிப்பெண்ணை டிண்டர் முன்பு பயன்படுத்தியது; அதைக் கைவிட்டுவிட்டதாக 2019-இல் அறிவித்தது. ஹிஞ்ச் செயலி 2018-இல் கொண்டுவந்த பரிந்துரை வசதி, டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-இல் எழுதிய தீர்வை அடியொற்றியது. ஒவ்வொருவரும் எதிர்த்தரப்பினரைத் தம் விருப்பப்படி வரிசைப்படுத்தினால், தமக்கு அமைந்த துணையைவிட ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இருவர் எவரும் மிஞ்சாதபடி எல்லோரையும் ஜோடி சேர்க்க முடியும் என்று அவர்கள் நிறுவினார்கள். ஷேப்லிக்கு 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்வுக்கு எல்லோருடைய விருப்ப வரிசையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தம் மனம் யாரிடம் போகும் என்று மனிதர்களுக்கே முன்கூட்டித் தெரியுமா என்பதுதான் சிக்கல்.

தெரியாது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் ஆகிய உளவியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் அவர்களுடைய குணம், விருப்பம், எதிர்பார்ப்பு பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட விவரங்களை வாங்கினார்கள். பிறகு ஒவ்வொருவரும் பலரை நான்கு நான்கு நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். விவரங்களை எல்லாம் இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்தபோது, பொதுவாகப் பலருக்கும் பிடிப்பவர் யார், எளிதில் பிறரிடம் மனம் கொடுப்பவர் யார் என்பதை அதனால் ஓரளவு சொல்ல முடிந்தது. இன்னாருக்கு இன்னாரைத்தான் தனியாகப் பிடிக்கும் என்பதை மட்டும் கணிக்கவே முடியவில்லை. காதலில் எல்லோரும் அறிய விரும்புவது அதைத்தான். இருவர் எதிரெதிரே உட்காரும்வரை அந்த ஈர்ப்பு பிறப்பதில்லை. பிறக்காத ஒன்றை எந்தக் கேள்வித்தாளிலும் தேடி எடுக்க முடியாது. பொருத்தம் பார்த்துத் தருவதாகத் தளங்கள் சொல்வதற்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஃபிங்கல் குழுவினர் 2012-லேயே விரிவாக எழுதியிருந்தார்கள்.

இதிலிருந்து பயனுள்ள ஒரு பாடம் கிடைக்கிறது. வாரக்கணக்கில் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதில் தெரியவருவது கொஞ்சம்தான். கற்பனை வளர்ந்துவிடும், பிறகு வரும் உண்மையான மனிதர் அந்தக் கற்பனைக்கு ஈடாக மாட்டார். சில நாள் பேசி, காணொலி அழைப்பில் முகம் பார்த்து, பிறகு ஒரு காபிக் கடையில் அரைமணி நேரம் சந்திப்பதே நேர்வழி. ப்ரொஃபைலில் இல்லாத குரல், சிரிப்பு, பரிமாறுபவரிடம் பேசும் விதம் எல்லாம் அங்கேதான் தெரியும்.

ப்ரொஃபைலில் பொய் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை அஞ்சும் அளவுக்கு இல்லை. காட்டலினா தோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் 80 பேரை அழைத்து உயரம், எடை, வயதை நேரிலேயே சரிபார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் ஏதாவது ஒன்றில் பொய் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் உயரத்தைக் கூட்டினார்கள், பெண்கள் எடையைக் குறைத்தார்கள். வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறியது. நேரில் சந்தித்தால் கண்டுகொள்ள முடியாத அளவு. சந்திக்கப்போகிறோம் என்ற நினைப்பே ஒருவரை உண்மைக்கு அருகில் வைத்திருக்கிறது.

தேர்வு பெருகியிருப்பதும் ஒரு சுமையாகிறது. ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் காத்திருக்கிறது. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் நகரங்களின் தரவுகளை வைத்து எலிசபெத் ப்ரூக்கும் மார்க் நியூமனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆணும் பெண்ணும் சராசரியாகத் தம்மைவிட 25 சதவீதம் அதிக வரவேற்புள்ளவர்களைத் தேடியே செய்தி அனுப்புகிறார்கள். பதில் வராமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த மௌனத்தைத் தன் தகுதிக்குறைவாக எடுத்துக்கொண்டு வாடத் தேவையில்லை. செயலிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாதச் சந்தாவும், படத்தை முன்னால் தள்ளிவிட வாங்கும் கட்டணமும் அவற்றின் வருமானம். துணை கிடைத்து வெளியேறுபவரால் அதன்பிறகு வருமானம் இல்லை.

பொதுவான நண்பர்கள் இல்லாததன் விளைவு, உறவு ஓரளவு வளர்ந்தபின் உறைக்கிறது. மாதக்கணக்கில் பழகியவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுவதை ‘கோஸ்டிங்’ என்கிறார்கள். தோழி அறிமுகப்படுத்திய ஒருவன் அப்படி மறைந்தால் அவளிடம் பதில் சொல்லியாக வேண்டும். செயலியில் வந்தவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இது காதலா, நட்பா, கல்யாணத்தில் முடியுமா என்று மூன்றாமவர் யாரும் கேட்காததால், கேட்கும் சுமை பெரும்பாலும் பெண்ணின்மேல் விழுகிறது. கேட்டுவிடுவதே நல்லது. காலம் கடந்து கேட்பதில் வலி கூடும்.

சோதித்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடியில் 130 கோடி டாலர் இழந்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் புகார்கள் பதிவாயின. முறை எங்கும் ஒன்றுதான். அழகான படத்தோடு அறிமுகமாகி, விரைவில் செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்கு அழைத்து, அன்பைப் பொழிந்து, நேரில் வருவதை மட்டும் தள்ளிப்போடுவார்கள். பிறகு சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பரிசுப்பொருள், திடீர் மருத்துவச் செலவு அல்லது கிரிப்டோ முதலீடு என்று பணப்பேச்சு வரும். இப்படிப் பேசுகிறவர்களிலும் அடிமைப்பட்டவர்கள் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இந்தியர்கள் மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைக்கப்பட்டு இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். நேரில் பார்க்காத எவருக்கும் பணமோ அந்தரங்கப் படமோ அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டு மிரட்டப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ அவ்வளவுக்குப் பணம் மீளும் வாய்ப்பு கூடும்.

முதல் சந்திப்பு ஆள்நடமாட்டமுள்ள இடத்தில், சொந்தமாகப் போய்வரும் வசதியோடு அமைய வேண்டும். எங்கே, யாரோடு, எத்தனை மணிவரை என்பதை நம்பகமான ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது அவசியம். அந்தத் தோழியோ தோழனோ இன்னொரு உதவியும் செய்வார்: காதல் மயக்கத்தில் கண்ணில் படாத குறையை எடுத்துச் சொல்வார். பழக ஆரம்பித்தவரை விரைவிலேயே நண்பர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும் ஜோடிகள், செயலி தராத காவலைத் தாமே அமைத்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் குடும்பத்திடம் சொல்லும் கடைசிக் கட்டம்தான் கடினமானது. டேட்டிங் செயலிகளில் பொதுவாகச் சாதிக்குக் கட்டம் கிடையாது. அதனால் மேட்ரிமோனி தேடலில் ஒருவர் கண்ணில் ஒருவர் படவே வழியில்லாத இருவர் இங்கே சந்திக்க முடிகிறது. சாதி மாறிய திருமணங்கள் 2011-12 தேசிய ஆய்வு ஒன்றில் சுமார் 5 சதவீதமே இருந்த நாட்டில் இது சிறிய விஷயம் இல்லை. ஆனால் சந்திப்பு எளிதான அளவுக்கு வீட்டில் சொல்வது எளிதாகவில்லை. ஆணவக்கொலைகள் நடக்கும் மண்ணில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வயதுவந்த இருவர் மணம்செய்யக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தன்பாலின உறவு குற்றமல்ல என்றது. தன்பாலினத் திருமணத்துக்கான சட்ட அங்கீகாரத்தை 2023-இல் அது வழங்கவில்லை.

மதம் மாறாமல் மணக்க விரும்பும் இருவேறு மதத்தினருக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் 30 நாள் முன்னறிவிப்பு பதிவாளர் அலுவலகத்தில் ஒட்டப்படும் என்பதால், வீட்டில் எதிர்ப்புள்ளவர்கள் வழக்கறிஞரைக் கலந்தாலோசித்து இறங்குவது நல்லது. இருவரும் இந்துக்களாக இருந்து சாதி மட்டும் வேறானால், தமிழ்நாட்டில் அண்ணாவின் அரசு 1967-இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, உறவினரோ நண்பர்களோ மற்றவர்களோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை.