பழைய கேர்னலில் சிக்கிய ரவுட்டர்கள்

வீட்டு மூலையில் மினுங்கும் வைஃபை ரவுட்டர் ஒரு சிறிய கணினி. பெரும்பாலும் அதற்குள் ஓடுவது லினக்ஸ். இத்தகைய கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில். புதிதாக வாங்கிய பெட்டியிலும் பல வருடம் பழைய கேர்னல் இருப்பது ஏன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு.

கேர்னல் இயங்குதளத்தின் மையப் பகுதி. வன்பொருள் ஒவ்வொன்றையும் இயக்க அதற்கு ஒரு டிரைவர் வேண்டும். பழைய செயலிகள் புதிய கேர்னலிலும் ஓடவேண்டும் என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுப்பதில்லை. டிரைவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கேர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். பொது மூலநிரலுக்குள் சேர்ந்துவிட்ட டிரைவர்களை, மாற்றத்தைச் செய்பவரே கூடவே திருத்திவிடுவார். வெளியே நிற்பவற்றை யாரும் கவனிப்பதில்லை. சிப் தயாரிப்பாளரோ ஒரு பதிப்பை எடுத்து, தன் டிரைவர்களை அதிலே ஒட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த சிப்புக்குப் போய்விடுகிறார். வைஃபை பகுதி பல வேளைகளில் மூலநிரலே இல்லாமல்தான் வரும்.

ஒரு பலகையை 3.10 இலிருந்து 5.10க்கு நகர்த்தினேன். முன்னது 2013 இல் வந்தது, பின்னது 2020 இல். டைமரைத் தொடங்கும் பழைய முறை 4.15 இலேயே நீக்கப்பட்டிருந்தது. அதை நம்பியிருந்த டிரைவர்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. எந்த முகவரியில் எந்த வன்பொருள் இருக்கிறது என்பதை முன்பு சி நிரலிலேயே எழுதியிருந்தார்கள். இப்போது அதை டிவைஸ் ட்ரீ என்ற தனிக் கோப்பில் விவரிக்க வேண்டும். நிரல் தொகுக்கப்பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று முகாமையாளர்கள் நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது.

இவ்வளவு பாடு எதற்கு? 2007 முதல் கேர்னலில் ஒளிந்திருந்த 'டேர்ட்டி கவ்' என்ற பாதுகாப்பு ஓட்டை 2016 ஒக்டோபரில்தான் அடைக்கப்பட்டது. திருத்தம் போய்ச்சேராத கருவிகளில் அது இன்னும் திறந்தே கிடக்கிறது. இன்னொன்று, 2038 ஜனவரி 19ஆம் திகதி 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி, கடிகாரம் 1901க்குத் திரும்பிவிடும். 32 பிட் கருவிகளில் இதைச் சமாளிக்கும் ஏற்பாடு 5.6 பதிப்பில், 2020 இல்தான் முழுமையடைந்தது. கேர்னலை மாற்றினால் மட்டும் போதாது, அதன் மேல் ஓடும் செயலிகளையும் மீளத் தொகுக்க வேண்டும். இன்று சுவரில் பொருத்தும் ஒரு மின்மானி அந்த நாளைக் காணக்கூடும்.

ஆகவே சிப் தெரிவு செய்யும்போது விலைக்கு முன்னர் நான் கேட்பது, அதன் டிரைவர்கள் பொது மூலநிரலில் சேர்ந்துவிட்டனவா என்பதைத்தான். ரவுட்டர் வாங்குபவர்கள் அந்த மாதிரி ஓப்பன்டபிள்யூஆர்டி பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால், தயாரிப்பாளர் கைவிட்ட பின்னரும் புதிய கேர்னல் கிடைக்க வாய்ப்புண்டு.