வாவிக்கரையில் தீராத வழக்கு

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் மாலை ஆட்டம் கலைந்த பின்னர், தேத்தண்ணிக் கடை வாங்கில் அமர்ந்து கிரிக்கெட் அபிமானிகள் நடத்திவரும் வழக்குகளுள் மிகப் பழையதும், இன்றுவரை தீர்ப்பு எழுதப்படாததும், முத்தையா முரளிதரன் பெரியவரா, ஷேன் வோர்ன் பெரியவரா என்பதேயாகும். "எண்ணூறு விக்கெட் மச்சான், மறுகா என்ன கதை?" என்று ஒருவர் தொடங்கினால், "பங்களாதேஷையும் சிம்பாப்வேயையும் கழிச்சிப்போட்டுச் சொல்லு" என்று மற்றவர் குறுக்கிடுவார், தேத்தண்ணி ஆறிப்போகும்.

இதனை வீண்பேச்சென்று ஒதுக்குவோர் உண்டு. பிரமாணங்களை நிறுத்துப் பார்க்கும் பயிற்சியைச் சாதாரண மனிதர் விரும்பித் தாமாகவே மேற்கொள்ளும் இடம் இதனினும் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முரளி 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளும், வோர்ன் 145 ஆட்டங்களில் 708 விக்கெட்டுகளும் வீழ்த்தினர். அவற்றுள் மேற்சொன்ன இரு அணிகளுக்கெதிராக முரளி பெற்றவை 25 ஆட்டங்களில் 176. வோர்ன் பெற்றவையோ மூன்றே ஆட்டங்களில் 17. ஆட்சேபிப்பவர் கேட்டபடியே கழித்துவிடுவோம். முரளிக்கு 108 ஆட்டங்களில் 624, வோர்னுக்கு 142 ஆட்டங்களில் 691 என எஞ்சுகின்றன. ஆட்டம் ஒன்றுக்கு முரளி ஏறக்குறைய 5.8, வோர்ன் 4.9. கழித்த பின்னும் முரளியே முன்னிற்கிறார்.

வழக்கு அத்துடன் முடிந்துவிடுவதில்லை. மறுமுனையில் 563 விக்கெட்டுகளுக்குரிய கிளென் மெக்ரா நின்று பந்து வீசியதனால் வோர்னின் பங்கு குறைந்தது என்பார் ஒருவர். சமிந்த வாஸ் ஒருவரைத் தவிர நெடுங்காலத் துணையின்றி ஓர் அணியின் பாரத்தை முரளி சுமந்தார் என்றும், 1995ஆம் ஆண்டு மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் ஏழு தடவை 'நோபோல்' என்று கைநீட்டிய அவமானத்தையும் தாங்கிக்கொண்டே அவர் அந்தச் சிகரத்தை எட்டினார் என்றும் எழுந்து நின்று வாதிடுவார் இன்னொருவர். இந்த இரண்டாமவரின் கட்சியே என் கட்சியும்.

மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார், புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்கு விளையாட்டின்மீது பக்தியை ஊட்டிய அமெரிக்க இயேசு சபைத் துறவி. அவர் பிறந்த தேசத்தின் பேஸ்போல் ரசிகர்களும் இதே வழக்கைத்தான் நடத்துகின்றனர். பேப் ரூத் 714 'ஹோம் ரன்' அடித்தவர். 1974இல் ஹாங்க் ஏரன் அதைக் கடந்தார். ஆயினும் கறுப்பின ஆட்டக்காரருக்குப் பெருஞ்சங்கக் கதவு 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அடைத்தே கிடந்தமையால், ரூத் தம் காலத்தின் தலைசிறந்த வீச்சாளர் பலரைச் சங்க ஆட்டங்களில் சந்திக்கவேயில்லை. எதிரே நின்றவர் யார் என்னும் கேள்வி அங்கும் இங்கும் ஒன்றே.

அதே வாங்கில், அடுத்த சுற்றுக்கு நம் அணி போகுமா என்னும் விசாரம் எழுந்தால், பேச்சு முழுக்கக் கணிதமாகிவிடும். ஓர் அணி ஓவருக்கு எடுத்த ஓட்டங்களிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் வருவது நிகர ஓட்ட வேகம். பத்து விக்கெட்டும் இழந்த அணிக்கு, ஆடாத ஓவர்களையும் சேர்த்தே வகுப்பார்கள். 2023 ஆசியக் கிண்ணத்தில், லாகூரில், இலங்கை 291 ஓட்டங்கள் எடுத்திருக்க, ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292ஐ எட்டினால் இலங்கை வெளியேற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அந்தப் பந்தில் ஒன்பதாவது விக்கெட் விழ, ஆப்கான் அணி தன் கதை முடிந்ததென்றே எண்ணிவிட்டது. அடுத்த மூன்று பந்துகளுள் ஒன்றை ஆறு ஓட்டத்துக்கு அடித்து 295ஐ எட்டியிருந்தாலும் தகுதி பெற்றிருக்கலாம் என்பதை அறியாத ஃபசல்ஹக் ஃபரூக்கி, இரு பந்துகளைத் தடுத்தாடி மூன்றாவதில் ஆட்டமிழந்தார். ரஷித் கான் மறுமுனையில் நின்றபடியே இருந்தார். இரண்டு ஓட்டங்களால் இலங்கை வென்றது.

முரளியைப் பற்றி நாம் இவ்வளவு நுட்பமாக வாதாட முடிகிறதென்றால், அவர் வீசிய ஒவ்வொரு பந்தையும் யாரோ ஒருவர் பொறுமையாகக் குறித்து வைத்தமையே காரணம். மத்திய கல்லூரியிலும் மிக்கேல் கல்லூரியிலும் ஆடிய நம்மூர்ப் பழைய ஆட்டக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, "அவர் அடிச்சா பந்து வாவிக்குள்ளதான்" என்ற புகழுரைக்கு மேல் ஒருவராலும் போக முடிவதில்லை. ஓட்டப் புத்தகத்தில் ஓவருக்கொரு கட்டமாகப் புள்ளியும் இலக்கமும் இட்டு நிரப்பும் பிள்ளையை நாம் ஆட்டக்காரனாக மதிப்பதில்லை; போட்டி முடிந்ததும் புத்தகம் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதென்றும் கேட்பதில்லை. வாவிக்கரைக் கழகங்களும் கல்லூரிகளும் தத்தம் பழைய ஓட்டப் புத்தகங்களைத் தேடியெடுத்து, படியெடுத்து, ஒரு பொது நூலகத்தில் சேர்த்துவைக்கும் பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டும். வீட்டில் ஒன்று வைத்திருப்பவர்கள் அதைக் கையளித்து உதவ வேண்டும்.