உஷார்! மிசூரியில் இந்த முறை ‘யெஸ்’ என்றால் விளைவு வேறு

2024 நவம்பரில் அமெரிக்காவின் மிசூரி மாநில மக்கள், வாக்குச்சீட்டில் ‘மூன்றாவது திருத்தம்’ என்ற கேள்விக்கு எதிரே ‘யெஸ்’ என்று குறித்தார்கள். கருக்கலைப்பு உரிமை அந்த மாநிலத்தின் அரசியல் சாசனத்தில் ஏறியது. 2026 நவம்பர் 3 அன்று அதே மக்கள் கைக்கு, அதே ‘மூன்றாவது திருத்தம்’ என்ற பெயரில் இன்னொரு கேள்வி வரப்போகிறது. இந்த முறை ‘யெஸ்’ குறித்தால் அந்த உரிமை போய்விடும். எண்ணும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை, விளைவு மட்டும் தலைகீழ். போன தடவை போட்ட மாதிரியே போட்டுவிட்டு வரலாம் என்று அசந்து போகிறவர்கள், தாங்கள் போராடி வாங்கியதைத் தங்கள் கையாலேயே பறிகொடுத்துவிட்டு வருவார்கள்.

இது எங்கோ நடக்கிற கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டாலஸிலும் அட்லாண்டாவிலும் நியூஜெர்சியிலும் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடும் தமிழர்கள் ஏராளம். அங்கே மகளையோ மருமகளையோ பேத்தியையோ வைத்திருப்பவர்கள் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குப் பிரசவத்திலோ கருச்சிதைவிலோ ஒரு சிக்கல் வந்தால், டாக்டர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை இந்த வாக்குச்சீட்டுகள்தான் தீர்மானிக்கின்றன.

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரோ எதிர் வேட் வழக்கில் 1973-ல் தான் கொடுத்த தீர்ப்பைத் தானே ரத்து செய்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த கருக்கலைப்பு உரிமை, மாநிலங்களின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாக மக்களிடம் நேரடியாகக் கேள்வி வைக்கப்பட்டது. நம் நாட்டில் இப்படிப் பொதுவாக்கெடுப்பு வைத்துச் சட்டம் எழுதும் வழக்கம் இல்லாததால், இதன் சூட்சுமம் நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. ஆளுநர், செனட்டர், ஜனாதிபதி என்று வேட்பாளர் பெயர்களெல்லாம் முடிந்த பிறகு, வாக்குச்சீட்டின் கடைசியில், பல இடங்களில் பின்பக்கத்தில், இந்தக் கேள்விகள் வரும். களைத்துப்போன வாக்காளர் அங்கே வரும்போது, மேலோட்டமாகப் படித்துவிட்டு ஒரு கட்டத்தை நிரப்பிவிடுவார். விஷயமே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதல் வாக்கெடுப்பு கன்சாஸில், 2022 ஆகஸ்ட் 2 அன்று நடந்தது. 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரைக்கூட ஜெயிக்க வைக்காத மாநிலம் அது. கூட்டம் குறைவாக வரும் ஆகஸ்ட் மாத முதல்நிலைத் தேர்தலோடு கேள்வியைச் சேர்த்து வைத்தார்கள். அங்கே ‘யெஸ்’ என்றால் மாநில சாசனத்தில் உள்ள பாதுகாப்பை நீக்குவது. ‘நோ’ என்றால் வைத்துக்கொள்வது. வாக்கெடுப்புக்கு முந்தின நாள் பலருடைய செல்போனுக்கு அனுப்பியவர் பெயர் இல்லாத குறுஞ்செய்தி ஒன்று வந்தது. பெண்களுக்கு விருப்பத் தேர்வு வேண்டுமென்றால் ‘யெஸ்’ போடுங்கள் என்று அதில் இருந்தது. அப்பட்டமான பொய். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் ஆளுநர் கேத்லீன் செபிலியஸின் போனுக்கே அந்தச் செய்தி போயிருந்தது. மாநிலத்தை ஆண்டவர் என்பதால் அவர் உடனே புரிந்துகொண்டார். வயல் வேலை முடித்து வந்து போனைப் பார்க்கும் ஒருவர் என்ன செய்திருப்பார்?

அன்றைக்குக் கன்சாஸ் மக்கள் ஏமாறவில்லை. 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். 59 சதவீதம் பேர் ‘நோ’ என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் கென்டக்கி, மொன்டானா, மிச்சிகன், கலிபோர்னியா, வெர்மான்ட் என்று கேள்வி வைத்த இடமெல்லாம் உரிமையின் பக்கமே ஜெயித்தது. மிச்சிகனில் அந்த அலையோடு சேர்ந்து ஆளுநர் கிரெச்சன் விட்மர் பத்துச் சதவீதத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார். மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருசேர ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன.

மெத்தனம் அங்கேதான் ஆரம்பித்தது. வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு இருந்தால் போதும், நம் வேட்பாளர்கள் தானாகக் கரையேறிவிடுவார்கள் என்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 2024-ல் பத்து மாநிலங்களில் வாக்கெடுப்பு நடந்தது. ஏழில் உரிமை ஜெயித்தது. ஆனால் மொன்டானாவைப் பாருங்கள். கருக்கலைப்பு உரிமைக்கு ஏறத்தாழ 58 சதவீதம். அதே நாளில், அதே மக்களிடம், டிரம்ப்புக்கும் ஏறத்தாழ 58 சதவீதம். மூன்று முறை செனட்டராக ஜெயித்த ஜனநாயகக் கட்சியின் ஜான் டெஸ்டர் அங்கே தோற்றார். அரிசோனாவில் உரிமைக்கு 61 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, நெவாடாவில் 64. இரண்டு மாநிலங்களுமே டிரம்ப்புக்குப் போயின. ரோ தீர்ப்பை ரத்து செய்த நீதிபதிகளில் மூவர் அவர் நியமித்தவர்கள். அது தெரிந்தும்தான் மக்கள் இரண்டுக்கும் ஓட்டுப் போட்டார்கள்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உரிமையைக் காப்பாற்ற வாக்குச்சீட்டில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பிவிட்டால் அந்தக் கவலை முடிந்தது. மீதி ஓட்டை விலைவாசிக்கும் குடியேற்றத்துக்கும் போடலாம். இது மாநிலங்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று டிரம்ப் 2024 ஏப்ரலில் சொன்னது, அந்த மனநிலைக்குச் சாதகமாகப் போனது. துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ் இந்த உரிமையைத்தான் தன் பிரசாரத்தின் மையத்தில் வைத்தார். பதவியில் இருக்கும்போதே கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றுக்கு நேரில் போன முதல் துணை ஜனாதிபதி அவர். மக்கள் கொள்கையை எடுத்துக்கொண்டு வேட்பாளரை விட்டுவிட்டார்கள். 2026-லும் இதுவே நடக்காது என்று எந்தக் கட்சியும் நினைக்க வேண்டாம்.

நான் பதறுவது கட்சிக்காக அல்ல. உரிமைக்கு ஒரு ஓட்டு, அந்த உரிமையை ஒழிக்க நினைப்பவருக்கு இன்னொரு ஓட்டு என்று போட்டால், முதல் ஓட்டு எத்தனை நாள் தாங்கும்?

மிசூரியில் தாங்கவில்லை. 2024-ல் அங்கே 51.6 சதவீதத்தில், ஒரு லட்சத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் உரிமை ஜெயித்தது. அதே நாளில் அதே மக்கள், அந்த உரிமையை எதிர்க்கும் கட்சியைச் சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு உட்கார வைத்தார்கள். ஆறே மாதம். 2025 மே மாதத்தில் அந்தச் சட்டமன்றம் உரிமையை நீக்கும் புதுத் திருத்தத்தை நிறைவேற்றி மக்களிடம் திருப்பி அனுப்பிவிட்டது. இடையில் நீதிமன்ற உத்தரவுகளால் மருத்துவமனைகளில் சேவை தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. ஒரு தேதியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிய பெண்ணுக்கு அந்தத் தேதியில் கதவு திறந்திருக்குமா என்பதே நிச்சயமில்லை.

புதுத் திருத்தத்தை வாக்குச்சீட்டில் விளக்குவதற்கு முதலில் எழுதிய சுருக்கத்தில், மருத்துவ அவசரத்தில் சிகிச்சை உறுதி, பெண்களின் பாதுகாப்பு உறுதி, சிறுமிகளுக்குப் பெற்றோர் சம்மதம் என்றெல்லாம் அடுக்கியிருந்தார்கள். 2024-ல் மக்களே போட்டுவைத்த உரிமையை இது நீக்குகிறது என்ற சேதி மட்டும் அதில் இல்லை. அந்தச் சுருக்கம் போதாது, திருத்தி எழுதுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதே கேள்வியில் 18 வயது நிரம்பாதவர்களின் பாலின மாற்றச் சிகிச்சைக்குத் தடை என்பதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தடை மிசூரியில் ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. அதற்காக ‘யெஸ்’ போட வருகிறவர், கருக்கலைப்புத் தடைக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகும்.

அடுத்த கேள்வியையும் அங்கேயே கவனியுங்கள். இனிமேல் மக்கள் மனு மூலம் வரும் சாசனத் திருத்தம் எதுவானாலும், மாநிலத்தின் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தனித்தனியே பெரும்பான்மை வாங்க வேண்டும் என்கிறது அது. ஏழில் ஜெயித்து ஒன்றில் தோற்றாலும் தோல்விதான். ஓஹையோவில் 2023 ஆகஸ்டில் இதைப் போலவே வேலிபோடப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் போதாது, 60 சதவீதம் வேண்டும் என்றார்கள். மக்கள் 57 சதவீதத்தில் அதைத் தூக்கி எறிந்தார்கள். ஃப்ளோரிடாவில் அந்த வேலி முன்பே இருந்தது. 2024-ல் உரிமைக்கு 57 சதவீதம் விழுந்தும் திருத்தம் செத்தது. அந்த 60 சதவீத விதி 2006-ல் நிறைவேறியபோது அதற்கே 58 சதவீதம்கூட விழவில்லை! மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டதும் அதே ஃப்ளோரிடாவில்தான். ஆறு வாரத்துக்குப் பின் கருக்கலைப்புக்குத் தடை என்பதே அங்கே இன்றும் சட்டம்.

கன்சாஸில் கேள்வி கேட்டுத் தோற்றவர்கள், இப்போது நீதிபதிகள் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். கருக்கலைப்பு உரிமை மாநில சாசனத்திலேயே இருக்கிறது என்று 2019-ல் சொன்னது கன்சாஸ் உச்ச நீதிமன்றம். அந்த நீதிபதிகளைத் தேர்வுக் குழுவின் பட்டியலிலிருந்து ஆளுநர் நியமிப்பதுதான் நடைமுறை. இனி நேரடித் தேர்தலில் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு நாள் குறித்திருப்பது 2026 ஆகஸ்ட் 4, மறுபடியும் ஆகஸ்ட்! அந்தச் சீட்டில் கருக்கலைப்பு என்ற சொல்லே இருக்காது. விஸ்கான்சினில் 2023-லும் 2025-லும் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதித் தேர்தல்கள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்ததற்கு, அந்த நீதிமன்றத்தின் முன்னால் 1849-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் காத்திருந்தது ஒரு முக்கியக் காரணம். 2023 தேர்தலால் அமைந்த நீதிமன்றம்தான் 2025 ஜூலையில் 4-க்கு 3 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்.

மாநிலத்தில் ஜெயித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. மத்தியச் சட்டமும் மாநில சாசனமும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும் என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாவது பிரிவு. நாடு முழுவதற்கும் 15 வாரத் தடை என்ற மசோதாவை குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம் 2022 செப்டம்பரிலேயே செனட்டில் வைத்துப் பார்த்தார். அது போக, இன்று அமெரிக்காவில் நடக்கும் கருக்கலைப்புகளில் பாதிக்கு மேல் மாத்திரை மூலம் நடப்பவை. 2000-ல் அனுமதி பெற்ற மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு விதி போடுவது மத்திய மருந்துத் துறை. அதன் தலைவரை நியமிப்பவர் ஜனாதிபதி, ஒப்புதல் தருவது செனட். ஆகவே நவம்பரில் தேர்ந்தெடுக்கப்போகும் செனட்டர், உங்கள் மாநில வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும், அதில் கைவைக்கக் கூடியவர்.

டெக்சாஸ், ஜார்ஜியா தமிழர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அந்த இரு மாநிலங்களிலும் மக்கள் மனுப்போட்டு வாக்கெடுப்பு கொண்டுவரும் வழியே கிடையாது. டெக்சாஸில் சட்டத்தை மீறும் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். அந்தப் பயத்தில் ரத்தப்போக்கோடு வரும் பெண்ணின் முன்னால் ஒரு டாக்டர் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜார்ஜியாவில் இரண்டு பெண்களின் மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்று மாநிலத்தின் நிபுணர் குழுவே முடிவு செய்ததை 2024-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அந்த மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினரும் ஆளுநரும்தான் முக்கியமாக உங்கள் பிடியில் இருப்பவர்கள். சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வரியைத்தான் பலர் காலியாக விட்டுவிட்டு வருகிறார்கள்.

நெவாடாவில் 2024-ல் ஜெயித்த திருத்தம் இன்னும் அமலுக்கு வரவில்லை. அங்கே இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தால்தான் சாசனத்தில் ஏறும். இரண்டாம் வாக்கெடுப்பு இந்த நவம்பரில். வர்ஜீனியாவிலும் கேள்வி இருக்கிறது. இந்த இரண்டிலும் ‘யெஸ்’ என்றால் உரிமையின் பக்கம், மிசூரியில் எதிர்ப்பக்கம். அண்ணன் ஒரு மாநிலத்திலும் தங்கை ஒரு மாநிலத்திலும் இருந்தால் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து ஒரே மாதிரி குறித்துவிடாதீர்கள். கருக்கலைப்பை மனசாட்சிப்படி எதிர்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் ஓட்டும் நீங்கள் நினைத்த பக்கம்தான் விழ வேண்டும்.

ஜனாதிபதித் தேர்தல் இல்லாத ஆண்டில் அமெரிக்காவில் சுமார் பாதிப்பேர்தான் ஓட்டுப் போட வருகிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. உங்கள் கவுண்டியின் தேர்தல் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டு முன்கூட்டியே கிடைக்கும். இறக்கி வைத்து, சுருக்கத்தை மட்டும் படிக்காமல் முழு வாசகத்தையும் படியுங்கள். பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துப் படியுங்கள். ஹெச்-1பி, ஹெச்-4 விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் யாராவது ஃபார்மை நீட்டினால் தெரியாத்தனமாக வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுத்துவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் அதைச் செய்வது குற்றம். நாட்டைவிட்டே அனுப்பப்படும் அளவுக்குப் போகும். குடியுரிமை உள்ளவர்கள் இன்றைக்கே தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு போனால் ஓட்டு கிடையாது.