சுவருக்குள் ஓடும் கம்பியும் அம்மாவின் அறையும்

நம் சங்கத்து அன்பர்களில் பலர் பழைய குவார்ட்டர்ஸ்களில் குடியிருப்பவர்கள். அவ்வீடுகளின் கனத்த சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே வை-பை அலைகளையும் தடுத்துவிடுகின்றன. கூடத்தில் ரௌட்டர் இருக்கும். பின்கட்டு அறையிலோ கைபேசி சும்மா சுழன்றுகொண்டிருக்கும்.

கரக்பூரில் எங்கள் வீட்டு நிலையும் இதுவே. சென்ற ஆண்டு என் தாயார் ஊரை விட்டு எங்களோடு வந்து தங்கினார். அவருக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. இரவு எட்டு மணிக்குத் தம் தங்கையோடு முகம் பார்த்துப் பேசும் அரைமணி நேரந்தான் அவருக்கு ஊர். அதற்காக, முழங்கால் வலியோடு கூடத்து நிலைப்படியருகே வந்து நின்றுகொண்டே பேசுவார்.

எங்களிடம் ஏற்கெனவே இரண்டு பவர்லைன் அடாப்டர்கள் இருந்தன. ஒன்று ரௌட்டருக்கு அருகில். மற்றொன்று மகனின் படிப்பறையில். இக்கருவி செய்வது வியப்பான வேலை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. 2005-இல் வந்த ‘ஹோம்பிளக் ஏவி’ முறையில், அதே கம்பியின் மீது 2 முதல் 28 மெகாஹெர்ட்சு வரையுள்ள உயர் அதிர்வெண் அலைகளாகச் செய்தி ஏற்றப்படுகிறது. விளக்கும் எரியும், செய்தியும் போகும்.

மூன்றாவது அறைக்கு இன்னொரு ஜோடி வாங்க வேண்டுமென்று கடைக்காரர் சாதித்தார். வேண்டியதில்லை. ரௌட்டரருகே இருக்கும் ஒன்றே எல்லா அறைகளுக்கும் போதும்; புதிய அறைக்கு ஒன்று கூடுதலாக வாங்கினால் சரி. ஆனால் இனம் பார்த்து வாங்க வேண்டும். ஏவியும், பின்னர் வந்த ஏவி-2-உம் ஒன்றோடொன்று பேசும், ஜி.எச்.என். என்னும் வேறு முறையைச் சேர்ந்தது இவற்றோடு பேசாது. கைபேசிக்கென்றால், வை-பையும் வீசக்கூடிய அடாப்டராகக் கேட்டு வாங்குதல் அவசியம்.

வாங்கி வந்தேன்; அன்று மாலை இருந்ததையும் கெடுத்தேன்! முறை எளியது. பழைய அடாப்டரின் ‘பேர்’ பொத்தானைச் சற்றே அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் புதியதன் பொத்தானையும் அழுத்த வேண்டும். நான் ஐயத்தால் பழையதைப் பத்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்துவிட்டேன். அதனால் அது தன் கூட்டத்தை விட்டே விலகிப் போயிற்று. படிப்பறையிலிருந்து மகன் அலறினான். மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்க்க நேர்ந்தது.

பொத்தானை அழுத்தாமலே வேலை செய்கிறதே என்று சிலர் விட்டுவிடுவர். அது தவறு. ஏவி இனத்துக் கருவிகள் பெரும்பாலும் ஒரே பொதுக் கடவுச்சொல்லோடு தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. மின்கம்பித் தொடர்பு இருப்பின் அடுத்த வீட்டாரின் கருவியும் நம் கூட்டத்தில் வந்து சேர்ந்துகொள்ளக் கூடும். பொத்தானை அழுத்திய பின்னரே நம் வீட்டுக்கெனத் தனிச் சாவி அமைகிறது.

இத்தனைக்குப் பிறகும் அம்மாவின் அறையில் விளக்கு எரியவில்லை. “என்னப்பா, காசு வீணா?” என்றார். காரணம் கட்டிலருகே இருந்த எக்ஸ்டென்ஷன் போர்டு. மின்னெழுச்சித் தடுப்பு உள்ள போர்டுகள் இவ்வலைகளை விழுங்கிவிடும். சுவரிலுள்ள பிளக்கிலேயே நேராகச் செருகினேன், உடனே எரிந்தது. மும்முனை மின்சாரமுள்ள வீடுகளில் இரண்டு அறைகள் வெவ்வேறு ஃபேஸில் இருந்தாலும் அலை நலிந்து போவதுண்டு.

பெட்டியின் மேல் 600 என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது அதில் ஒரு பங்குதான். அதையும் எல்லா அடாப்டர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் ரயில்வேக் கண்ட்ரோல் தொலைபேசியில் ஒரே கம்பியில் பல ஸ்டேஷன்கள் காத்திருக்கும். ஒருவர் பேசினால் மற்றவர் பொறுக்க வேண்டும். இதுவும் அப்படியே. மகன் படம் இறக்கினால் பாட்டியின் அறையில் தெரியும்.

இப்போது அம்மா கட்டிலில் அமர்ந்தபடியே பேசுகிறார். சமையலறையில் மிக்ஸி ஓடும்போது மட்டும் சித்தியின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறுகிறது. ஆகவே எட்டு மணியிலிருந்து எட்டரை வரை சட்னி அரைப்பதில்லை என்று என் மனைவி ஒப்புக்கொண்டிருக்கிறாள்.