பத்து மணிக்குச் சுற்றும் வட்டம்

"ரயில்வே கணினி நிமிடத்துக்கு 31,814 டிக்கெட் கொடுக்கிறதாம். பிறகு ஏன் சார் தட்கலில் ஒருவருக்கும் இடம் கிடைப்பதில்லை?" பொழிச்சலூரிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர்தான்; ஆனாலும் தீபாவளிக்குத் தாம்பரம் போய் நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிப்பவர்களுக்கு அங்கே குறைவில்லை.

'ஒருவருக்கும்' என்பது மிகை. எண் மிகையல்ல. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின, இதுவரை காணாத உச்சம் இது என்று ரயில்வே அமைச்சகம் அந்த ஜூன் மாதம் அறிவித்தது. நொடிக்கு 530. மாதக் கடைசியில் இன்னும் பெரிய அறிவிப்பு வந்தது: உருவாகிவரும் புதிய முன்பதிவு அமைப்பு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட்டுக்கு மேல் கொடுக்கும்; இருக்கை விசாரணைகள் நான்கு லட்சத்திலிருந்து நாற்பது லட்சமாகும். படித்தவுடன் அடுத்த தீபாவளிக்குப் படுக்கை உறுதியாகிவிட்டதுபோல ஒரு குளிர்ச்சி.

இதே பொழிச்சலூர், பம்மல் பக்கம் கோடைகாலத்தில் தண்ணீர் லாரி வரும்போது நடப்பதை நினைத்துப் பார்க்கலாம். தொட்டியில் இருப்பது 9,000 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 600 குடம். லாரிக்காரர் ஒரு குழாய்க்குப் பதில் ஐந்து குழாய் மாட்டி, "நிமிடத்துக்கு ஐந்து மடங்கு குடம் நிரப்புகிறேன்" என்று மார்தட்டினால் அவர் சொல்வது பொய்யில்லை. 600 குடமும் சீக்கிரம் நிரம்பும். 601-வது குடம் இன்னும் சீக்கிரமாகக் காலியாக வீடு திரும்பும். படுக்கை எண்ணிக்கை கூடாமல் டிக்கெட் வேகம் மட்டும் கூடுவது அகலமான குழாய்தான்.

அலுவலகக் கணினி அமைப்பு ஒன்றை அளப்பதில் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. லாரியின் பக்கம் நின்று அளந்தால் நிமிடத்துக்கு எத்தனை குடம் என்பது கணக்கு. வரிசையின் கடைசியில் நின்று அளந்தால் எவ்வளவு நேரம் நின்றோம், தண்ணீர் வந்ததா என்பது கணக்கு. நிறுவனங்களுக்கு முதல் எண்மேல்தான் காதல். அது எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். அறிக்கையில் போட அழகாக இருக்கும்.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்று 1909-இல் கணக்குப் போட்டு வரிசைக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்தார். தகவல் அமைப்பின் வெற்றியை எதை வைத்து அளப்பது என்று டிலோன், மெக்லீன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1992-இல் ஆறு அளவுகோல்களை முன்வைத்தார்கள். நிர்வாகவியல் மாணவர்கள் இன்றுவரை அதை உருப்போடுகிறார்கள். இந்திய ரயில்வே எண்பதுகளின் நடுவில் டெல்லியில் கணினி முன்பதிவைத் தொடங்கியது. சென்னை உள்பட ஐந்து மையங்கள் 1999-இல் முழுமையாக ஒன்றோடொன்று இணைந்தன. 2002 ஆகஸ்டில் இணையத்திலும் டிக்கெட் வந்தது. வரலாறு போதும்.

சுவாரசியம் எர்லாங் தொடங்கிவைத்த கணக்கில் இருக்கிறது. ஒரே குழாய், ஒரு குடம் நிரம்பச் சராசரியாக ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். குடங்கள் நேரம் பார்த்து வருவதில்லை. சிலசமயம் மூன்று சேர்ந்து வரும், சிலசமயம் ஐந்து நிமிடம் ஆளே இருக்காது. குழாய் பாதி நேரம்தான் வேலை செய்கிறது என்றால், வந்து நின்றதிலிருந்து குடத்தோடு கிளம்புவது வரை சராசரியாக இரண்டு நிமிடம். 80 சதவீத நேரம் வேலை என்றால் ஐந்து நிமிடம். 90 என்றால் பத்து. 95 என்றால் இருபது. 99 என்றால் நூறு நிமிடம்! வேலைப்பளு நேர்க்கோட்டில் ஏற, காத்திருப்பு மட்டும் கடைசியில் செங்குத்தாக எகிறுகிறது.

காரணம் எளிது. குழாய் சும்மா இருந்த நிமிடத்தைச் சேமித்துவைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. ஆள் இல்லாதபோது கழிந்த நேரம் கழிந்ததுதான். கூட்டம் வந்து சேர்ந்த வரிசையைக் கரைக்க ஓய்வுநேரம் வேண்டும். அந்த ஓய்வைப் பிழிந்துவிட்டால் வரிசை கரையவே வழியில்லை. "நம் சர்வர் 99 சதவீதம் பயன்பாட்டில் இருக்கிறது" என்று பெருமைப்படும் மேலாளர், உண்மையில் வாடிக்கையாளரை நூறு மடங்கு நேரம் நிற்கவைப்பதாக வாக்குமூலம் கொடுக்கிறார்.

காலை பத்து மணிக்கு ஏசி தட்கல் திறக்கும்போதும், பதினொரு மணிக்கு ஏசி அல்லாத பெட்டிகளுக்குத் திறக்கும்போதும் வேலைப்பளு 99-ஐயும் தாண்டிப்போகிறது. நிரப்பும் வேகத்தைவிட வரும் வேகம் அதிகமானால் மேலே சொன்ன கணக்கே செல்லாது. வரிசை நொடிக்கு நொடி நீளும், அவ்வளவுதான். திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துப் பொறுமை இழந்தவர் மறுபடி பொத்தானை அழுத்துகிறார். அதாவது தன் பெயரில் இரண்டாவது குடத்தையும் வரிசையில் வைக்கிறார். இடையில் ஒருவர் நாற்பது குடத்தைக் கயிற்றில் கட்டி இழுத்து வருகிறார்: முதல் ஐந்து நிமிட லாகின் முயற்சிகளில் பாதி வரை தானியங்கி நிரல்களுடையவை என்று அமைச்சகமே 2025-இல் சொன்னது. அந்த ஜூன் மாதக் கணக்குப்படி இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகளை முடக்கியிருந்தார்கள்.

லாரியை இன்னும் ஒரு தெரு ஓட்டலாம், டயர் தாங்கும். ஐந்து குழாய் இருந்தாலும், எந்த வீட்டுக்கு எத்தனை குடம் என்று எழுதும் நோட்டு ஒன்றுதான் என்று வையுங்கள். ஐந்து பேரும் அந்த நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரே படுக்கையை இருவருக்கு விற்கக் கூடாது என்பதால், ஒரு ரயிலின் இருக்கைப் பதிவேட்டில் ஒருவர் கை வைத்திருக்கும்போது மற்றவரைக் கணினி நிறுத்திவைக்கத்தான் வேண்டும். நாடு முழுக்க ஆயிரம் சர்வர் வாங்கிப் போட்டாலும் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நோட்டு ஒன்றுதான்.

இனி, சராசரி என்னும் தந்திரம். நூறு கிளிக்கில் 99 ஒரு நொடியில் முடிந்து, ஒன்று மட்டும் நூறு நொடி தொங்கினால் சராசரி இரண்டு நொடி. அறிக்கையில் பிரமாதமாக இருக்கும். தொங்கியவர் வெறுத்துப்போய் மூடிவிட்டால் பல நேரம் அவர் கணக்கிலேயே வருவதில்லை. 'இயங்குநேரம்' இதைவிட வேடிக்கை: ஒரு தளம் தினமும் பத்து மணிக்கு ஐந்து நிமிடம், பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் முழுசாகப் படுத்துவிட்டாலும், மற்ற நேரம் ஓடினால் 99.3 சதவீதம் இயங்கியதாகவே கணக்கு வரும். நாளின் 1,440 நிமிடத்தில் பத்து நிமிடம் என்ன பிரமாதம்? தட்கல்காரர்களுக்கு அந்தப் பத்து நிமிடம்தான் நாளே.

அமைச்சகம் தந்த எண்களில் இரண்டு, உச்சவேகத்தைவிடப் பயனுள்ளவை. முதலாவது, முன்பதிவு முயற்சிகளில் வெற்றி பெற்றவை 2024 அக்டோபரில் 43.1 சதவீதம், 2025 மே மாதம் 62.2 சதவீதம். வரிசையின் கடைசியிலிருந்து அளந்த எண் இது, பாராட்டலாம். ஆனால் கொஞ்சம் கிள்ளிப் பார்க்கவும் வேண்டும். ஆயிரம் முயற்சியில் 431 வெற்றி என்று வைத்துக்கொண்டு, தோற்ற முயற்சிகளில் 307-ஐ வாசலிலேயே விரட்டிவிட்டால், அதே 431 இப்போது 62.2 சதவீதம் ஆகிவிடும். ஒரு டிக்கெட்கூடக் கூடவில்லை! அப்படித்தான் நடந்தது என்று சொல்லவரவில்லை. விரட்டப்பட்ட நிரலுக்குப் போயிருக்க வேண்டிய படுக்கை மனிதருக்குப் போயிருந்தால் அது பெரிய லாபம். இந்த விகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த லாபத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் சங்கடம்.

இரண்டாவது எண் இன்னும் ருசியானது. 2025 மே 24 முதல் ஜூன் 2 வரை, ஏசி தட்கலில் நாளுக்குச் சராசரியாக 1,08,000 டிக்கெட். முதல் நிமிடத்தில் போனது 5,615 மட்டுமே. இரண்டாம் நிமிடத்தில் 22,827. பத்து நிமிடத்தில் 67,159. பெயர், வயது, கேப்ட்சா, பணம் கட்டுவது என்று மனிதருக்கு ஒரு நிமிடமாவது ஆகும் என்பதால் முதல் நிமிடம் மெலிந்திருப்பது இயல்புதான். 'கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் காலி' என்பதற்கு இதைப் பதிலாகவும் காட்டலாம். ஆனால் இது நாட்டின் எல்லா ரயிலையும் சேர்த்துக் கூட்டிய எண். நிதானமாக நிரம்பும் ரயிலும் இதில் உண்டு. தீபாவளிக்கு முந்தைய நாள் தெற்கே போகும் ரயிலும் உண்டு. பொழிச்சலூர்க்காரர் கூட்டுத்தொகையில் பயணம் செய்வதில்லை.

2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. ஜூலை 15 முதல் ஆதார் ஓடிபியும் சேர்ந்தது. முகவர்களுக்கு முதல் அரை மணி நேரம் தடை. இவை பலித்தனவா என்று அறிய வேண்டிய எண்கள் இரண்டே: குறிப்பிட்ட ரயிலில், குறிப்பிட்ட நாளில், தட்கல் படுக்கைகள் எந்தெந்த நிமிடத்தில் தீர்ந்தன, எத்தனை பேர் கேட்டும் கிடைக்காமல் திரும்பினார்கள். டிக்கெட் பதிவான நேரமும் ரயில் எண்ணும் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. இணைய முன்பதிவை இரவு 11.45-க்கு மூடி 12.20-க்குத் திறக்கிறார்கள், அந்த 35 நிமிடத்தில் பழைய கணினியே இதைக் கூட்டிப் பட்டியலாக்கிவிடும், ஒன்றரை லட்சம் வேகமெல்லாம் தேவைப்படாது.