சதுப்புக்குள் ஒரு நரகம்: லாத்வியக் காடு விற்கும் திகில்

‘ஃப்ளோ’ என்ற அசைவூட்டப் படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் விருதை வென்றதைத் தொடர்ந்து, பால்டிக் கடலோரத்தில் 19 லட்சத்துக்கும் குறைவான மக்களே வாழும் லாத்வியாவின் திரைப்படங்கள் மீது வெளியுலகின் கவனம் திரும்பியிருக்கிறது. ஏறத்தாழ 35 லட்சம் யூரோ செலவில், கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு, ஒரு சொல் வசனமோ ஒரு மனித முகமோ இல்லாமல் உருவான அந்தப் படம், சிறிய நாட்டின் சிறிய முதலீடும் பெரிய சந்தையை எட்ட முடியும் என்பதற்குச் சான்றாகிவிட்டது. ஆனால் அத்தகைய வெற்றி அடிக்கடி வாய்ப்பதன்று. லாத்விய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறக்குறைய 15 லட்சம் பேர் மட்டுமே என்பதால், உள்நாட்டுத் திரையரங்கு வசூலை மட்டும் நம்பி அங்கே படம் எடுப்பது கடினம். எனவே, குறைந்த செலவில் பிற நாட்டுப் பார்வையாளரை எட்ட விரும்பும் ஒருவருக்கு, காட்டையும் பழைய நம்பிக்கைகளையும் கலந்து செய்யும் திகில் படம் கைக்கெட்டும் வழியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்த வழியில் நடப்பவர்கள் எதை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஆராயத்தக்கது.

நாட்டார் திகில் என்று அழைக்கப்படும் இவ்வகைப் படங்களுக்கு ஏறத்தாழ ஒரே வாய்பாடுதான் உண்டு. நகரத்திலிருந்து வரும் ஒருவர் அல்லது ஒரு குழு, வெளித்தொடர்பு அற்ற ஊருக்குள் நுழைவதும், அங்குள்ளோர் கிறித்தவத்துக்கு முற்பட்ட ஏதோ ஒரு சமயத்தை மறைவாகக் கடைப்பிடிப்பதும், முடிவில் வந்தவரே பலிப்பொருளாவதும் அதன் படிகள். 1973இல் பிரிட்டனில் வெளிவந்த ‘தி விக்கர் மேன்’ நிலைநிறுத்திய இந்த வாய்பாட்டை, 2019இல் ‘மிட்சோமர்’ சுவீடனின் கோடைத் திருவிழாவுக்குப் பெயர்த்து வைத்தது. சில பத்தாயிரம் டாலரில் படமாக்கப்பட்ட ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’, 1999இல் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்த நாள் முதல், காடும் கேமராவும் நாலைந்து நடிகர்களும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்துகொண்டது.

லாத்வியாவில் இந்த வகை தாமதமாகவே வேரூன்றியது. அந்நாட்டின் முதல் திகில் படம் என்று விளம்பரப்படுத்தப்பட்டு 2014இல் வெளிவந்த ‘தி மேன் இன் தி ஆரஞ்ச் ஜாக்கெட்’, வேலை பறிபோன துறைமுகத் தொழிலாளி ஒருவன் முதலாளியின் மாளிகைக்குள் புகும் கதையாக இருந்ததே தவிர, அதில் பழைய தெய்வமும் இல்லை, பலிச் சடங்கும் இல்லை. காட்டை நோக்கிய திருப்பம் 2021இல் வெளிவந்த ‘உபுர்கா’வில் தெளிவாகத் தெரிகிறது. ஆவணப்படங்களில் பயின்ற இயக்குநரின் முதல் முழுநீளக் கதைப்படமான இதில், ஆற்றுப் படகுப் பயண வழிகாட்டி ஒருவனும் அவனுடன் பிறந்தவளும் விளம்பரப் படக்குழு ஒன்றும் ஒதுக்குப்புறமான ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்கிறார்கள். குழு காணாமல் போகிறது. தேடிப் போகிறவனின் மனமும் காடும் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்குகின்றன. தீண்டப்படாத இயற்கையை விளம்பரச் சரக்காக்க வந்தவர்களையே இயற்கை விழுங்குவதாகக் கதை அமைந்திருப்பது கூர்மையான கேலி. ஆயினும் அந்தக் கேலி படத்தின் மீதே திரும்பி விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில், விளம்பரக் குழு விற்க வந்த அதே காட்டைத்தான் திரைவிழாக்களும் வாங்குகின்றன.

செலவுக் கணக்கில் பார்த்தால் இதைவிட ஏற்ற களம் வேறில்லை. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் பைன், ஸ்புரூஸ், பிர்ச் மரங்கள் அடர்ந்த காடு. ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 18 மணி நேரம் நீடிப்பதோடு, இரவும் முழுதாக இருளாமல் சாம்பல் நிற வெளிச்சமாகவே கரைந்துவிடுவதால், விளக்குகளும் மின்னாக்கியும் பெருமளவில் தேவைப்படுவதில்லை. தலைநகர் ரீகாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய கெமெரி தேசியப் பூங்காவின் பெருஞ்சதுப்பு, எந்த அரங்க அமைப்பாளரும் செய்து தர முடியாத காட்சி. அங்கே தரை என்று கண்ணுக்குத் தெரிவது, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஸ்பேக்னம் என்ற பாசியின் மெத்தை. அதன் அடியில், இறந்த பாசி மட்காமல் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் படிந்து படிந்து உருவான கரி மண். மெத்தையில் ஆங்காங்கே கிழிந்த இடங்களில், தேயிலைச் சாறு போலக் கறுத்த நீர் அசையாமல் நிற்கிறது. ஊட்டமற்ற அந்த மண்ணில் ஆளுயரத்தைத் தாண்டாமல் நிற்கும் பைன் மரம் ஒன்றின் வயது நூறாண்டாகவும் இருக்கலாம். எனவே, ஓர் ஆள் நடந்து போவதை நிலையான கேமராவில் நீண்ட நேரம் காட்டினாலே போதும், அச்சம் தானாக வந்துவிடுகிறது.

வாய்பாடு பிசகுவது நிலத்தில் அன்று, ஊரில்தான். பிரிட்டன் வகைக் கதைக்கு, எல்லோரும் எல்லோரையும் அறிந்து, எல்லோரும் சேர்ந்து சதி செய்கிற நெருக்கமான கிராமம் ஒன்று இன்றியமையாதது. லாத்விய நாட்டுப்புறமோ நெடுங்காலமாகப் பெரும்பாலும் தனித்தனிப் பண்ணை வீடுகளால் ஆனது. வியென்சேட்டா என்று அழைக்கப்படும் இந்தத் தனி வீடு, தன் வயல், தொழுவம், கதிரடிக் கொட்டில், நீராவிக் குளியல் குடில் ஆகியவற்றோடு காட்டோரத்தில் தனக்குத் தானே போதுமானதாக நிற்பது. கண்ணுக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டின் புகை தெரியலாம், தெரியாமலும் போகலாம். சேர்ந்து சதி செய்ய ஊரே இல்லாத நிலத்தின் மீது சதிகார ஊரை ஏற்றிவைத்தால், கதை நடக்கும் இடம் லாத்வியா என்பதற்கு மரங்களைத் தவிர வேறு அடையாளம் இருப்பதில்லை.

அந்த நிலத்துக்கென்று உண்மையான திகில் இல்லாமலில்லை. காட்டுக்குள் கூரை சரிந்து நிற்கும் பண்ணை வீட்டை அயல்நாட்டுப் பார்வையாளர் பேய் வீடாகக் காண்பார். ஆனால் லாத்வியருக்கு அதன் காரணம் தெரியும். 1949 மார்ச் 25 முதல் சில நாட்களுக்குள், கூட்டுப்பண்ணைத் திட்டத்துக்குத் தடையாகக் கருதப்பட்ட விவசாயக் குடும்பங்களையும், காடுகளில் மறைந்திருந்து சோவியத் ஆட்சியை எதிர்த்த ‘காட்டுச் சகோதரர்கள்’ என்னும் படையினரின் உறவினர்களையும் சேர்த்து 42,000க்கும் மேற்பட்டோர் சரக்கு ரயில்களில் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். எஞ்சிய தனி வீடுகளில் பலவற்றை, வடிகால் வெட்டி நிலத்தை ஒன்றாக்கும் பிற்காலத் திட்டங்கள் அழித்தன. 1989இல் 26 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று 19 லட்சத்துக்குக் கீழே இறங்கியிருப்பதற்கு, சோவியத் காலத்தில் குடியேறியோர் பலர் வெளியேறியதும், 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின் இளைஞர்கள் வேலை தேடி மேற்கே சென்றதும், பிறப்பு குறைந்ததும் சேர்ந்த காரணங்கள். ஆளில்லாத அந்த வீட்டைக் காட்டிவிட்டு, அதை ஆளில்லாமல் ஆக்கியது எது என்பதைச் சொல்லாமல் ஒரு பூதத்தின் தலையில் பழியைப் போடுவது, வரலாற்றை அழித்து அதன் மீது திகிலை எழுதுவதாகும்.

நம்பிக்கைகளின் நிலையும் இதுவே. லாத்வியரின் பழைய சமயத்தை அறிவதற்கு முதன்மைச் சான்று ‘தைனா’ என்ற நாட்டுப்பாடல்கள். பெரும்பாலும் நான்கே அடிகளில் முடியும் அவை 19ஆம் நூற்றாண்டில் விரல் நீளச் சீட்டுகளில் எழுதப்பட்டு, 70 இழுப்பறைகள் கொண்ட மரப்பேழை ஒன்றில் வகைப்படுத்தப்பட்டன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2001இல் இடம்பெற்ற அந்தப் பேழையின் சீட்டுகளில் வெளிப்படும் உலகம், காற்று, கடல், காடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தாய் இருக்கும் உலகம். வனத்தாய் அங்கே இரத்தம் கேட்பவளாகவன்றி, காட்டுக்கும் அதன் உயிர்களுக்கும் உரியவளாகவே தோன்றுகிறாள். இறந்தோரும் அப்படியே. அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் ‘வெலி’ எனப்படும் முன்னோர் ஆவிகள் வீடு திரும்புவதாகக் கருதி, கதிரடிக் கொட்டிலிலோ குளியல் குடிலிலோ படையல் வைத்து, குடும்பத் தலைவர் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து உண்ணச் செய்து, பிறகு மரியாதையோடு வழியனுப்புவது வழக்கம். உறங்குவோரின் மார்பில் ஏறி அழுத்தும் ‘லியெதுவேன்ஸ்’ போன்ற அச்சமூட்டும் உருவங்களும் அம்மரபில் உண்டு என்றாலும், அவற்றை விலக்கக் கதவில் ஐம்முனை நட்சத்திரத்தைக் கீறுவதே போதுமானதாக இருந்தது, நரபலி தேவைப்படவில்லை.

இந்தத் திரிபு திரைப்படத்தோடு தோன்றியதன்று. அதன் நடைமுறையை அப்படியே காட்டும் வழக்கு ஒன்று 1691இல், சுவீடன் ஆட்சிக்குட்பட்டிருந்த லிவோனியாவில், இன்றைய லாத்விய மண்ணில் நடந்தது. தேவாலயத் திருட்டு பற்றிய விசாரணையில் சாட்சியாக வந்த, எண்பது வயதைக் கடந்த குடியானவர் ஒருவர், தாம் ஓநாய் மனிதராக இருந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன கதையில் ஓநாய் மனிதர்கள் பிசாசின் ஆட்கள் அல்லர்; கடவுளின் வேட்டை நாய்கள். சூனியக்காரர்கள் விளைச்சலின் விதையைத் திருடி நரகத்துக்குக் கொண்டுபோக, ஓநாய்கள் ஆண்டுக்கு மூன்று இரவுகளில் அங்கே இறங்கி, இரும்புச் சாட்டைகளோடு போரிட்டு விதையை மீட்டு வருகின்றன. அந்த நரகம், இன்று மால்பில்ஸ் என வழங்கும் ஊருக்கு அருகே ஒரு சதுப்பின் அடியில் இருக்கிறது. குதிரை வால் சுற்றிய துடைப்பக் கட்டையால் அங்கே வாங்கிய அடியில்தான் தம் மூக்கு உடைந்தது என்றும் அவர் கூறினார். நீதிபதிகளும் பாதிரியாரும் அவரிடம் எதிர்பார்த்தது வேறு: பிசாசோடு உடன்படிக்கை செய்துகொண்டதாக ஒரு வாக்குமூலம். இறுதிவரை அவர் அதைத் தரவில்லை. 1692இல் கசையடியும் நாடுகடத்தலும் தீர்ப்பாயின.

அன்றைய நீதிமன்றம் கேட்டதையே இன்றைய சந்தையும் கேட்கிறது என்பதுதான் கவலைக்குரியது. விளைச்சலைக் காக்கும் ஓநாய்க்குத் திரைவிழாக் குறிப்பேட்டில் இடமில்லை. குரல்வளையைக் கடிக்கும் ஓநாய்க்கே இடம். கருவாய் விதையிட்ட பாலாடைக் கட்டியும் வீட்டுப் பீரும் ஓக் இலைக் கிரீடமும் விடிய விடிய எரியும் தீயுமாகக் கொண்டாடப்படும் ‘யாணி’ என்ற கோடைத் திருவிழாவைச் சோவியத் ஆட்சி 1959க்குப் பின் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கி ஒடுக்கியபோதும், வீடுகளில் அது அணையாமல் இருந்தது. பாதிரியார் பாவம் என்றும் கட்சி மூடநம்பிக்கை என்றும் சொன்னதைத் தாங்கி நின்ற மரபு, இப்போது தன் சொந்த மண்ணின் கலைஞர்கள் வழியாகவே கொலைச் சடங்காக உருமாறும் நிலைக்கு வந்திருக்கிறது. ஆட்சியாளரின் தடையை மக்கள் அடையாளம் கண்டு எதிர்த்தார்கள். கைதட்டலோடு வரும் திரிபை எதிர்ப்பது அவ்வளவு எளிதன்று. மேலும், ஆங்கிலத் துணைத்தலைப்போடு உலகம் காணும் படமே அம்மரபைப் பற்றிய ஒரே அறிமுகமாக அமைந்துவிடும்போது, இழுப்பறைகளில் இருக்கும் லட்சக்கணக்கான சீட்டுகளால் அதைத் திருத்த இயலாது.

திகில் படம் இனவரைவியல் நூலன்று என்றும், அச்சத்தின் வழியாகவேனும் இளைய தலைமுறை பழங்கதைகளை நாடுமானால் நல்லதே என்றும் வாதிடுவோர் உண்டு. நாடிய பின் எதைக் காண்கிறார்கள் என்பதே அங்கே விடுபடும் செய்தி. பக்கத்து நாடான எஸ்தோனியாவிலிருந்து 2017இல் வந்த ‘நவம்பர்’, கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட நாட்டார் கற்பனைப் படம். இறந்தோர் வீடு வந்து உண்பதையும், வீட்டு உபயோகப் பொருள்களால் ஆன ஏவல் பூதம் உழைப்பதையும் வாய்பாட்டுக்கு வளைக்காமல் காட்டியும், அது பிற நாடுகளில் பாராட்டப்பட்டது. எனவே, திரிக்காமல் விற்க முடியாது என்ற வாதம் முழு உண்மையன்று.

சதுப்பின் அடியில் நரகமும், அங்கிருந்து விதைத் தானியத்தை மீட்டு வரும் முதிய ஓநாயும், 1949இல் ஆளிழந்த வீடும் லாத்வியத் திரைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றைப் படமாக்கக் கூடுதல் செலவில்லை. அதே காடும் அதே சிறு குழுவும் போதும். தேவைப்படுவது, வாங்குவோர் எதிர்பார்க்கும் பலிபீடத்தைக் கட்டாமல் விடும் துணிவு மட்டுமே. ஆனால் உள்நாட்டு வசூலால் பிழைக்க முடியாத ஒரு மொழியின் கலைஞரிடம் அந்தத் துணிவைக் கேட்பவர்கள், அதற்கான முதலீட்டைத் தர முன்வராத வரை, சாட்சி சொன்னவரைப் பிசாசின் ஆளாக்கிய பழைய தீர்ப்பே ஒவ்வொரு படத்திலும் மறுபடி எழுதப்படும்.