வெனிஸ் நகரும் விருந்தினரும்

பாழடைந்த நகரொன்றைக் காண்பதற்குப் பகற்பொழுது போதும். அங்கே கல்லும் கல்வெட்டுமே காட்சிப் பொருள்கள். மாலையிற் காவலன் கதவை அடைத்ததும் காட்சி முடிந்துவிடும். மக்கள் இன்றும் குடியிருக்கும் பழைய நகரின் இயல்பு அஃதன்று. அதன் மாளிகைகளும் ஆலயங்களும் பகலிற் புலப்படும். அதன் வாழ்வோ அந்தியிலும் வைகறையிலுமே நன்கு புலப்படும். ஆதலின் அத்தகைய நகரில் ஓர் இரவேனும் தங்குதல் வேண்டும் என்பர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும், எவ்விடத்தில் இடர்ப்படும் என்பதை இத்தாலி நாட்டு வெனிஸ் நகரைக் கொண்டு ஆராயலாம்.

வெனிஸ், அதிரியாற்றிக் கடலோரக் களப்பு ஒன்றின் நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மேல் அமைந்தது. சேற்றிலே மரமுளைகளை நெருக்கமாக அறைந்து, அவற்றின்மேற் பலகையும் கல்லும் பரப்பி, கட்டடங்களை எழுப்பினர். காற்றுப் புகாத சேற்றினுள் அம்முளைகள் எளிதில் உளுத்துப்போகாமல் நூற்றாண்டுகளாகச் சுமை தாங்கி நிற்கின்றன. 1846ஆம் ஆண்டிற் புகையிரதப் பாலம் அமையும்வரை படகின்றி அந்நகரை அடைதல் இயலாது. 1933இல் வீதிப்பாலமும் அமைந்தது. எனினும் மோட்டார் வண்டிகள் இன்றும் நகரின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் நடையும் படகுமே வழியாம்.

பகலிற் காண்பவற்றுள் தலையாயது புனித மாற்கு ஆலயம். இன்றுள்ள ஆலயத்தின் கட்டடவேலை 1063இல் தொடங்கியது. அதன் முகப்பை அணிசெய்த நான்கு வெண்கலக் குதிரைகள், 1204இற் சிலுவைப் போர்வீரர் கொன்ஸ்தாந்திநோபிளைச் சூறையாடியபோது கொண்டுவரப்பட்டவை. 1797இல் நெப்போலியன் வெனிஸ் குடியரசுக்கு முடிவுகட்டி, அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுசென்றான். 1815இல் அவை மீண்டன. இன்று வெளியே நிற்பவை படிகளே. மூலக் குதிரைகள் உள்ளே காக்கப்படுகின்றன. ஆலயத்தின் எதிரேயுள்ள மணிக்கோபுரம் 1902இல் இடிந்து வீழ்ந்து, பழைய வடிவிலேயே 1912இல் மீள எழுந்தது. பெருங்கால்வாயின்மேல் 1591இல் நிறைவெய்திய ரியால்டோப் பாலம், ஒரே வளைவினாற் கரைகள் இரண்டையும் இணைக்கின்றது.

இவையெல்லாம் ஒருநாட் பயணிக்கும் கிட்டும். மாலையில் அவன் புகையிரத நிலையத்துக்குத் திரும்பிய பின்னரே நகரின் மற்றொரு முகம் தோன்றும். நெருக்கம் ஒழிந்த சதுக்கங்களிலே, பகலிற் கண்ணுக்குத் தப்பிய கற்கிணறுகள் தெரியவரும். நாற்புறமும் நீர் சூழ்ந்தும் குடிநீரில்லாத ஊராதலின், மழைநீரை மணலில் வடித்து அக்கிணறுகளிற் சேர்த்தனர். 1884இலே குழாய்நீர் வந்த பின்னரே அவற்றின் தேவை குன்றியது. வைகறையிற் கடைகளுக்குரிய பண்டங்கள் படகில் வந்திறங்கும். குப்பை படகிற் செல்லும். நோயாளியும் படகிலேயே வைத்தியசாலையை அடைவர். நீரின்மேல் நடைபெறும் இவ்வன்றாட வாழ்வே வெனிசின் மெய்யான அதிசயம் எனலாம்.

அந்நியர் தங்குதல் அந்நகருக்குப் புதியதன்று. அலெக்சாந்திரியா வழியாக வந்த மிளகையும் இலங்கைக் கறுவாவையும் ஐரோப்பாவிற்கு விற்ற நகரம் அது. அங்கு வந்த ஜேர்மன் வணிகர், அரசு அவர்களுக்கென அமைத்த பெருமனையிலேயே தங்குதல் வேண்டும்; வணிகமும் அங்கேயே, அரசின் கண்காணிப்பில் நடைபெறும். தீயில் அழிந்த அம்மனை 1508இல் மீளக் கட்டப்பட்டது. அத்தகைய மனைக்கு வழங்கிய ‘பொண்டாக்கோ’ என்னும் பெயர், சத்திரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. இவ்வேற்பாட்டிற்கு இருண்ட பக்கமும் உண்டு. 1516 முதல் யூதர் தனியொரு தீவிலே ஒதுக்கப்பட்டனர். இரவில் அதன் வாயில்கள் பூட்டப்பட்டன. ‘கெட்டோ’ என்னும் சொல் உலகிற்குப் பரவியது அவ்விடத்திலிருந்தே. யார் எங்கே இரவைக் கழிப்பது என்பதை அக்குடியரசு ஒருபோதும் சிறு விடயமாகக் கருதியதில்லை.

இக்காலத்தில் இவ்வினா வேறு வடிவில் எழுந்துள்ளது. 1951இல் ஏறத்தாழ 1,75,000 மக்கள் வாழ்ந்த பழைய நகரில், 2022இல் 50,000க்கும் குறைந்தோரே எஞ்சினர். 1966 நவம்பர் 4ஆம் நாள் நீர்மட்டம் 194 சென்ரிமீற்றர்வரை உயர்ந்த பெருவெள்ளம் கீழ்த்தள வீடுகளிற் பலவற்றை வாழத் தகாதனவாக்கியது. தொழிலும் மலிந்த வாடகையும் பலரைப் பெருநிலப்பகுதிக்கு ஈர்த்தன. வெள்ளத்தைத் தடுக்கும் கடல்மதகுகள் 2020இல் முதன்முறை இயங்கின. குடிகளின் வெளியேற்றத்தைத் தடுக்க அத்தகைய மதகு இல்லை.

2024 ஏப்ரில் 25ஆம் நாள் முதல், குறித்த சில நாள்களில், பகலில் மட்டும் வந்துபோவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடப்பட்டது. இரவு தங்குவோர் விடுதிவரி செலுத்துவதனால் அக்கட்டணத்தினின்று விலக்குப் பெற்றனர். தங்குவோனே நகருக்கு நன்மை செய்பவன் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. ஆயினும் தங்குவோனுக்குப் படுக்கை வேண்டும். அப்படுக்கையை இடுவதற்கு வீடு வேண்டும். குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் ஒவ்வொன்றாக விருந்தினர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. 2023இல் விருந்தினர்க்குரிய படுக்கைகளின் தொகை குடிகளின் தொகையை விஞ்சியதென அந்நகர மக்கள் அமைப்பொன்று கணக்கிட்டது.

எனவே, பழைய நகரில் இரவு தங்குக என்னும் அறிவுரை மெய்யேயாயினும், அது முற்ற முடிந்த உண்மையன்று. விருந்தினன் காணவிரும்பும் வாழ்வு, அவன் உறங்கும் அறையிலிருந்தே வெளியேற்றப்பட்டிருத்தல் கூடும். விடுதியாகவே அமைந்த மனையில் தங்குவோனுக்கும், ஒரு குடும்பத்தின் வீட்டை நிரப்புவோனுக்கும் வேறுபாடு உண்டு. விருந்தோம்பலுக்கு விருந்தினன் மட்டும் போதான். வீட்டில் இருந்து வரவேற்பவரும் வேண்டும். அவரை இழந்த நகரம் எத்துணை அழகியதாயினும், அதனைக் காண்பதற்குப் பகற்பொழுதே போதுமானதாகிவிடும்.